வேரோனிக்காவின் பேரில் ஒரு வோட்டு

வேரோனிக்காவின் கையில் பிழை வராது. றொறன்ரோவின் வோபர்னில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். முதியோர் இல்லங்களுக்குப் போகிற மருந்து அட்டைகளை நிரப்புவது அவள் வேலை. ஒரு அட்டையில் ஏழு நாள், ஒரு நாளுக்கு நாலு குழி. காலை, மத்தியானம், பின்னேரம், படுக்கை. சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடக்கைக்காரி அவள். இடது கையால் மாத்திரையைப் போட்டு ஒருதரம் எண்ணுவாள், அட்டையை ஒட்டுவதற்கு முன் இன்னொருதரம் எண்ணுவாள். அவளுக்குப் பிறகு சரிபார்க்கிற பெண் இன்றுவரை ஒரு குழியைக்கூடத் திருத்தியதில்லை.

அப்படிப்பட்டவளின் கையில் ஒரு வோட்டைக் கொடுத்தபோது அவள் என்ன பாடு பட்டாள் என்பதைக் கேளுங்கள்.

வோட்டுக்கும் அவளுக்கும் தொடக்கத்திலிருந்தே பொருத்தம் சரியில்லை. 1982 மார்கழியில், பத்தொன்பது வயதில், மன்னாரில் முதல்தடவையாக வோட்டுப் போடப் போனாள். அது ஒரு சர்வசன வாக்கெடுப்பு. இருக்கிற பாராளுமன்றத்தையே தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருடம் வைத்திருக்கலாமா என்று கேட்டார்கள். ஓம் என்பவர்களுக்கு விளக்குச் சின்னம், இல்லை என்பவர்களுக்குக் குடம். குடத்துக்குப் போடுவதென்று முடிவெடுத்து, தோய்த்து மடித்த சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றாள். அவள் முறை வந்தபோது மேசையில் இருந்தவர் பட்டியலில் விரலை ஓடவிட்டு, "தங்கச்சி, உம்மடை வோட்டுப் போட்டாச்சு" என்றார். அவள் பேரின்மேல் நேராக ஒரு கோடு கிடந்தது. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. "ஓம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு நாடு போன போக்கில் வோட்டை நினைக்க யாருக்கு நேரம் இருந்தது? 1990இல் லண்டனில் போய் இறங்கினாள். விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவர் பஸ்ரியன். தகப்பனின் கூட்டாளியுடைய மகன், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், பெற்றோல் நிலையத்தில் வேலை. "மேல்மாடி அறை சும்மாதான் கிடக்குது பிள்ளை, இரும்" என்றார். சும்மா கிடந்த அந்த அறையில் அவள் பதின்மூன்று வருடம் இருந்தாள். வழக்கறிஞரிடம் கூட்டிப்போனது அவர்தான். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதத்தை வாசித்துச் சொன்னதும், மறுமுறை எழுதுவோம் என்று தைரியம் சொன்னதும் அவர்தான். நகரசபையிலிருந்து வருடா வருடம் வருகிற வோட்டர் பத்திரத்தில் வீட்டிலிருக்கிற எல்லோருடைய பேரையும் தன் முத்துமுத்தான கையெழுத்தில் நிரப்பி அனுப்புவார். பொதுநலவாய நாடு என்பதால் இலங்கைக்காரருக்கும் அங்கே வோட்டு உண்டு. வேரோனிக்காவின் பேர் அப்படித்தான் அந்த நாட்டு வோட்டர் பட்டியலில் ஏறியது. அவள் ஒருநாளும் போடப் போனதில்லை.

பிரித்தானியப் பாஸ்போட் கைக்கு வர 2002 ஆனது. பன்னிரண்டு வருடம். அதே வருடம் றொறன்ரோவிலிருந்து மரியரட்ணம் என்பவரின் சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், ஜூலி என்று ஏழு வயதில் ஒரு மகள். கல்யாணத்தன்று கோயிலில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் பஸ்ரியன் நின்று, அவள் கையைப் பிடித்துப் பீடம்வரை நடந்தார். அடுத்த வருடம் வேரோனிக்கா கனடாவுக்கு வந்தாள். ஜூலி ஒரு கிழமை "அன்ரி" என்று கூப்பிட்டாள், பிறகு "அம்மா" என்றாள். கனடாக் குடியுரிமை எடுக்கச் சொல்லி மரியரட்ணம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். "இன்னொரு வரிசையில நிக்க எனக்குக் கால் இல்லை" என்பதுதான் அவள் பதில்.

அவளுக்குச் செலீன் என்று ஒரு தங்கச்சி. செலீனுக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது என்று வேரோனிக்கா மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அது முழு உண்மையில்லை. ஆனாலும் மனது நியாயம் பார்த்தா பேசுகிறது? செலீன் 1992இல் ஹொலண்டுக்குப் போனாள். மூன்று வருடத்தில் விசா, கொஞ்சக் காலத்தில் பாஸ்போட். 1999இல் மன்னாரில் தாய் செத்தபோது செலீன் அந்தப் பாஸ்போட்டோடு ஏறிப் போனாள். வேரோனிக்கா போனால் திரும்பி வர முடியாது என்றார் வழக்கறிஞர். மேல்மாடி அறையில் மூன்று நாள் அழுதாள். பஸ்ரியன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டு இறங்கிப் போவார். பிறகு 2007இல், மகள் றெபேக்கா ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று, செலீன் புருஷனையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு ஹொலண்டிலிருந்து லண்டனுக்குக் குடிவந்தாள். எல்லையில் பாஸ்போட்டைக் காட்ட அரை நிமிடம் பிடித்ததாம். இதை அவளே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வேரோனிக்கா பன்னிரண்டு வருடத்தை அந்த அரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

2016இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று ஆனி மாதம் வாக்கெடுப்பு என்றார்கள். மருந்துக்கடையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் ஜூலிதான் போனை நோண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, வெளிநாட்டில இருக்கிற பிரிட்டிஷ் சிற்றிசனுக்கும் வோட் இருக்கு. பதினைஞ்சு வருசத்துக்குள்ள அங்க றெஜிஸ்ரர் பண்ணி இருந்தால் காணும். யூ ஹாவ் எ வோட்."

"எனக்கோ?"

"ஓம். ஆனா சித்திக்கு இல்லை. அவ டச் தானே. அவ அங்கயே இருக்கிறா, அவவுக்கு இல்லை. நீங்கள் இஞ்ச இருக்கிறீங்கள், உங்களுக்கு இருக்கு. தற் இஸ் சோ வியர்ட்."

வேரோனிக்கா கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். சந்தோஷம் வந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல்முறையாகத் தங்கச்சிக்கு இல்லாதது தன்னிடம் இருக்கிறது. இப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டபிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

அடுத்த ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் மரியரட்ணத்துக்குக் காத்துநின்றபோது செலீன் போன் எடுத்தாள். வழக்கமாக வீட்டுக்கதை, இடுப்பிலே நாரிநோவு என்று தொடங்குகிறவள் அன்று தொடங்கவில்லை.

"அக்கா, விலகினா எங்களை என்ன செய்வினமெண்டு ஒருதருக்கும் தெரியேல்லை. றெபேக்கா கேக்கிறாள், நாங்கள் திரும்பிப் போகவேணுமோ எண்டு. அவளுக்கு டச்சும் மறந்துபோச்சு."

"அப்பிடி ஒண்டும் செய்யமாட்டினம்."

"உனக்கு வோட்டு இருக்காம். ஜூலி சொன்னவள். கேக்க வெக்கமாக் கிடக்கு அக்கா. எனக்காக ஒருக்காப் போடன்."

செலீன் அவளிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்தடவை. "பாப்பம்" என்றாள் வேரோனிக்கா. அக்கா தங்கச்சியிடம் சொல்லக்கூடிய பதிலா அது? சொல்லிவிட்டாள்.

அந்த இரண்டு கிழமையும் மாத்திரைகளை எண்ணிக்கொண்டே யோசித்தாள். விலகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. பிரித்தானியாவின் கொடியின் கீழ் இருந்த நாட்டிலிருந்து வந்தவளைப் பன்னிரண்டு வருடம் வாசலில் நிற்கவைத்தார்கள். பக்கத்து நாட்டுப் பாஸ்போட்டைக் காட்டினவர்களை அரை நிமிடத்தில் உள்ளே விட்டார்கள். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பார்க்கட்டுமே. இருக்கட்டும் என்று மற்ற மனம் சொன்னது. அந்த வரிசையில் இப்போது நிற்கப்போவது செலீன் அல்லவா, அவளுடைய பிள்ளை அல்லவா. மரியரட்ணத்தைக் கேட்டாள். "உன்ரை வோட்டு. நான் சொன்னா அது என்ரை வோட்டாப் போகும்" என்றார் அவர். நல்ல மனுசன்தான், ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

ஒரு வியாழக்கிழமை, பின்னேரக் குழிகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, தாயின் அடக்கம் முடிந்த அன்று மன்னாரிலிருந்து செலீன் எடுத்த போன் நினைவுக்கு வந்தது. இரைச்சல் நிறைந்த லைன். "அக்கா, உன்ரை பேரிலயும் ஒரு பிடி மண் போட்டனான்" என்றாள் செலீன். சவக்குழிக்குள் உறவுக்காரர் ஆளுக்கொரு பிடி போடுவது வழக்கம். செலீன் தனக்கு ஒன்று போட்டுவிட்டு, திரும்பவும் குனிந்து அக்காவுக்கும் ஒன்று போட்டிருக்கிறாள். அன்று வேரோனிக்கா "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். பதினேழு வருடம் அவள் நினைவில் வைத்திருந்ததெல்லாம் தங்கச்சி போனாள் என்பதைத்தான். தனக்காகவும் போட்டாள் என்பதை எங்கேயோ போட்டு மூடிவிட்டாள். கையில் மாத்திரையோடு அப்படியே நின்றாள். தன் கோபம் ஐரோப்பாவின்மேல் அல்ல, செத்தவீட்டின்மேல் என்பது விளங்கியது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, "இருக்கட்டும் எண்டுதான் போடப்போறன்" என்று ஜூலியிடம் சொன்னாள். சொன்னதும் நெஞ்சு இலேசானது.

முடிவெடுப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தாள். கஷ்டம் இனித்தான் இருந்தது.

தபாலில் வருகிற வோட்டுத் தாள் நேரத்துக்குத் திரும்பிப் போய்ச் சேராது என்று ஜூலி பயந்தாள். தன் வோட்டைப் போட அங்கே இன்னொருவரை நியமிக்கலாம், அதற்கு ஒரு பத்திரம் இருந்தது. ஜூலி செலீனின் பேரை எழுதி அனுப்பினாள். வோட்டு இல்லாதவர் மற்றவருடைய வோட்டையும் போட முடியாது என்று மரியாதையான ஒரு பதில் வந்தது. வேரோனிக்காவின் பேர் கடைசியாகப் பதிந்திருந்தது பஸ்ரியன் வீட்டு விலாசத்தில். வோட்டுப் போட வேண்டியதும் அந்த வட்டாரத்தில்தான். பஸ்ரியனிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. கேட்டபோது அவருக்குப் பிடிபடாத சந்தோஷம். "உம்மடை பேர் இன்னும் எங்கடை வீட்டிலதான் இருக்குது எண்டு சொல்லும்" என்றார். எதற்குப் போட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நாள் கிடக்கிறதுதானே என்று நினைத்தாள்.

வாக்கெடுப்புக்கு முதல் நாள், மதிய இடைவேளையில் மருந்துக்கடைக்குப் பின்னால் நின்று அவருக்கு எடுத்தாள். லண்டனில் பின்னேரம். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அண்ணை, என்ரை வோட்டை இருக்கட்டும் எண்டதுக்குப் போட்டுவிடுங்கோ. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம்.

"சொல்லும் பிள்ளை. நாளைக்குக் காலமை ஏழு மணிக்கே போறன். சேர்ட்டும் ஸ்திரி போட்டு வச்சிட்டன்."

"உங்களுக்குக் கரைச்சல் தாறன் அண்ணை."

"என்ன கரைச்சல்? நான் இந்த முறை ஏன் போறன் தெரியுமே? ஊரில இருக்கிற என்ரை மருமோனுக்கு மூண்டு தரம் விசா இல்லையெண்டிட்டாங்கள், ஐரோப்பாக்காரருக்குக் கதவைச் சாத்தினாத்தான் எங்கடை பொடியளுக்குத் திறக்கும். அது ஒண்டு. மற்றது, உமக்காகவும்தான்."

"எனக்கோ?"

"அம்மான்ரை செத்தவீட்டுக்கு உம்மைப் போகவிடேல்லை. ஐரோப்பாப் பாஸ்போட் வச்சிருந்தவை போய் வந்தவை. நீர் மேல இருந்து மூண்டு நாள் அழுதனீர். நான் தேத்தண்ணி வச்சிட்டு வந்து கீழ குசினிக்குள்ள நிண்டு அழுதனான், அது உமக்குத் தெரியாது. எனக்கு மறக்கேல்லை பிள்ளை. அதுக்குத்தான் நாளைக்கு என்ரை ஒண்டு, உம்மடை ஒண்டு, ரெண்டு புள்ளடி. ரெண்டும் விலகிறதுக்கு. என்ன, சரிதானே?"

கையைப் பிடித்துக் கோயிலில் நடந்த மனிதர் அவர். அவளுடைய துக்கத்தை அவளைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவரிடம், அண்ணை, அந்தக் கோபம் எனக்கு இப்ப இல்லை, நீங்கள் போடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போடுங்கோ என்று எந்த வாயால் சொல்வது? சொல்லியிருந்தால் அவர் போட்டிருப்பார். மனம் நொந்திருப்பார், ஆனால் சொன்னபடி போட்டிருப்பார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பெரியவர் ஒருவர் சரிதானே என்று கேட்டால் எங்கள் சனத்தின் வாயில் ஒரு சொல்தான் வரும்.

"ஓம் அண்ணை" என்றாள்.

உள்ளே போய் மாத்திரைகளை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் இரண்டுதரம் அவருக்குச் செய்தி எழுதி இரண்டுதரமும் அழித்தாள். அவள் விடியக் கண் விழித்தபோது அவருடைய குரல்செய்தி வந்து கிடந்தது. "ரெண்டும் போட்டாச்சு பிள்ளை." பின்னால் பஸ் போகும் சத்தம். மனுசன் வோட்டுச்சாவடி வாசலிலேயே நின்று பேசியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை முடிவு தெரிந்தது. விலகுகிறார்கள். ஒரு வோட்டால் எதுவும் மாறியிருக்காது என்று ஜூலி கணக்குக் காட்டினாள். அம்மாவின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏழு மணிக்குச் செலீன் எடுத்தாள். அழுது முடித்த குரல்.

"பறவாயில்லை அக்கா. எங்கடை சனமே விலகத்தான் போட்டதாம். நீயாவது எனக்காகப் போட்டனீ. அது காணும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "அழாதை" என்றாள் வேரோனிக்கா.

செலீன் அந்த நன்றியை ஒரு நாளோடு விடவில்லை. நத்தார் வாழ்த்தில் எழுதினாள். பிறந்தநாளுக்குச் சொன்னாள். ஹொலண்டுக்கே திரும்புவோமா என்று புருஷனோடு சண்டைபிடித்த நாட்களில் எடுத்து, "நீ ஒருத்திதான் எங்கடை பக்கம்" என்றாள். சொந்தக்காரர் எல்லோருக்கும் பரப்பினாள். கூடப்பிறந்தவள் என்றால் வேரோனிக்காவைப் போல இருக்க வேண்டும் என்று பாரிசிலிருந்து ஒரு மச்சாள் முகநூலில் எழுதினாள். வேரோனிக்கா அதை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மருந்துக்கடையில் இப்போது மூன்றுதரம் எண்ணத் தொடங்கினாள். பஸ்ரியனின் மருமகனுக்கு நாலாவது தடவையும் விசா இல்லை என்று செய்தி வந்தது. அவர் விலகச் சொல்லிப் போட்ட பிறகும் அந்தப் பொடியனுக்குக் கதவு திறக்கவில்லை.

2019 சித்திரையில் ஒரு சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம், செலீன் வீடியோவில் வந்தாள். ஐரோப்பியப் பாஸ்போட்காரர் தொடர்ந்து இருக்க எழுதிக் கேட்க வேண்டும் என்று சட்டம் வந்து, அவளும் எழுதியிருந்தாள். கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கும். இனி யாரும் எழும்பிப் போ என்று சொல்ல முடியாது. மூன்று வருடமாகக் கடதாசிகளைச் சேர்த்துக் கட்டி வைத்த பையைக் கமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். முகம் மலர்ந்து கிடந்தது. பக்கத்தில் றெபேக்கா.

"பெரியம்மாவுக்குத் தாங்ஸ் சொல்லு" என்றாள் செலீன் மகளிடம். "எங்களுக்கெண்டு வோட்டுப் போட்ட ஒரே ஆள்."

"தாங்ஸ் பெரியம்மா" என்றாள் அந்தப் பிள்ளை.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகும்வரை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன நன்றியை வாங்க வேரோனிக்காவால் முடியவில்லை.

"செலீன், றெபேக்காவை உள்ள போகச் சொல்லு."

பிள்ளை போனாள்.

"என்ரை வோட்டு விலகிறதுக்குத்தான் விழுந்தது."

செலீன் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. அவள் முகம் ஒரு வழியைத் தேடியது, அக்காவுக்காகத்தான் தேடியது. "பஸ்ரியன் அண்ணை உனக்குச் சொல்லாமல் களவாப் போட்டிட்டாரோ? ஊரிலயும் உனக்கு அப்பிடித்தானே செய்தவங்கள்."

வழி திறந்துதான் கிடந்தது. வயதானவர், தூரத்தில் இருக்கிறவர், அவரிடம் போய் ஒருவரும் கேட்கப்போவதில்லை.

"இல்லை. உனக்குப் போடுறதெண்டுதான் முடிவெடுத்தனான். அவர் மற்றதுக்குப் போடட்டோ எண்டு கேட்டவர். நான்தான் ஓம் எண்டனான். அவருக்கு முன்னால எனக்கு வாய் வரேல்லை."

செலீன் கையிலிருந்த பையை மெல்ல மேசையில் வைத்தாள். கத்துவாள் என்று வேரோனிக்கா எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள். செலீன் கத்தவில்லை.

"அக்கா, அம்மான்ரை குழிக்குள்ள உன்ரை பேரில மண் போட்டனானெல்லே."

"ஓம்."

"அதை இடக்கையால போட்டனான். உன்ரை கை அதுதானே எண்டு. சனமெல்லாம் பேசினது, தாய்க்கு இடக்கையால மண் போடுறாள், மரியாதை தெரியாதவள் எண்டு. சாமியாரும் ஒரு மாதிரிப் பாத்தவர். நான் ஒருதருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. உனக்காகத்தானே எண்டு பேசாமல் நிண்டனான்."

வேரோனிக்கா மேசைமேல் கிடந்த தன் இடது கையைப் பார்த்தாள். செலீன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.